பல் வெட்டிய நாற்பத்தொரு தபால்தலைகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை நீலமாக இருந்தன. சாயத்தொட்டியில் விட்ட கையைக் கழுவாமல் அப்படியே ஓடி வந்திருக்கிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கழுவாமல் ஒருவரைத் தெருவில் இறங்க விடுகிற மனிதர் இல்லை சாயப்பட்டறை முதலாளி கோவர்த்தனன்.

"அண்ணே, மொதலாளி போயிட்டாக," என்றார் அந்த ஆள். "தொட்டிக்கிட்டதான் நின்னாக. நெஞ்சப் புடிச்சாக, உக்காந்தாக. அம்புட்டுத்தான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து, தராசில் பாதி நிறுத்திருந்த மிளகாய் வத்தலை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தேன். வழியில் என் வலது கையை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டே போனேன். அந்தக் கையைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தபால்தலைக் கூட்டத்தார் அவருக்காக ஒரு சிறு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மேலூரிலிருந்து மல்லி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து மதுரையில் விற்றவன். கீழமாசி வீதியில் சொந்தக் கடை போட எனக்குப் பதினாறு வருஷம் ஆனது. வத்தல், மல்லி, சீரகம் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் ஒருவன்தான் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது உங்களில் பாதிப் பேருக்குத் தவறாகத்தான் தெரியும்.

முதலில் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். வெள்ளை வேட்டி, நகக்கண்ணில் மட்டும் சாயம், நெற்றியில் நாமம். மாதம் ஒரு தடவை கடைக்கு வந்து, "அண்ணே, பழைய கவரு இருக்கா?" என்று கேட்பார். எனக்குப் பினாங்கிலும் பம்பாயிலும் சரக்கு வாங்குகிறவர்கள் உண்டு. கடிதம் வரும். கவரைக் குப்பையில்தான் போடுவேன். ஆனால் ஒருவன் குப்பையை மெனக்கெட்டுக் கேட்டு வருகிறான் என்றால் அதில் ஏதோ லாபம் இருக்கிறது என்பது வியாபாரியின் புத்தி. "இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு கவரிலும் தபால்தலையை நகத்தால் பிய்த்து எடுத்து ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இரண்டு வருஷம். எதற்கு என்று எனக்கே தெரியாது. அவர் மாதாமாதம் கேட்பார், நான் மாதாமாதம் இல்லை என்பேன். அவர் முகம் கோணியதே இல்லை. "சரிண்ணே, அடுத்த மாசம் வாரேன்" என்பார்.

இந்த நேரத்தில்தான் என் கை போனது. காளவாசல் சரக்குக் கிட்டங்கியில் லோடு இறக்கும்போது லாரியின் பின்கதவு கொக்கி கழன்று விழுந்தது. வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கின. ஒன்றரை மாதம் கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர் சொன்னார்: "எலும்பு சேந்துருச்சு. இனி ஆட்டி ஆட்டித்தான் விரலை மடக்கணும். சும்மா வெச்சிருந்தா கட்டையாப் போயிரும்." ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். வலி உயிர் போயிற்று. நாலாம் நாள் பந்தைத் தெருவில் எறிந்தேன். நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் வத்தல் மண்டியில் வாயால் விலை பேசமாட்டோம். வாங்குகிறவன், விற்கிறவன் இருவர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்தும் மடக்கியும் விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அத்தனை வருஷமாக எனக்குச் சோறு போட்டது அந்த மூன்று விரல்கள்தான்.

கட்டுப் பிரித்த வாரம் மண்டிக்குப் போனேன். தரகர் ஒருவர் துண்டைப் போட்டார். நான் விரலை மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை.

"என்னண்ணே சொல்றீக? வெறகுக் கட்டையத் தொட்ட மாதிரி இருக்கு," என்றார்.

இடது கையை நீட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பீச்சாங்கைல வெலை பேசுனா மண்டி வெளங்குமாண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த நாளிலிருந்து என் மச்சினனை அனுப்பினேன். என் மச்சினன் நல்லவன். அதனால்தான் எல்லாரும் அவன் தலையில் ஈர வத்தலைக் கட்டினார்கள். இப்படியே ஆறு மாதம் போனால் கடையை மூடிவிட்டு மறுபடியும் மேலூர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மாதமும் கோவர்த்தனன் வந்தார். "அண்ணே, கவரு இருக்கா?" கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். எனக்கு இருந்த வெறுப்பில் மரப்பெட்டியை இழுத்து அவர் முன்னால் கவிழ்த்தேன். "எடுத்துக்கங்க சாயக்காரரே. இனி எனக்கு என்னத்துக்கு?"

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றுக்கு மூலை இல்லை, ஒன்றுக்கு முதுகுத்தோல் உரிந்திருந்தது, ஒன்றில் வண்ணத்துப்பூச்சியே பாதிதான் இருந்தது. "அடடா, இம்புட்டையும் உரிச்சுல்லண்ணே வெச்சிருக்கீங்க. கோழியவா உரிச்சீங்க?" என்றார். நான் குப்பையில் போடச் சொன்னேன். அவர் போடவில்லை. "கிழிஞ்ச ஸ்டாம்புக்கும் ஊரு உண்டுண்ணே," என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஒரு பீங்கான் தட்டு, ஒரு வெள்ளைத் துணி, நகைப்பட்டறையில் வைத்திருப்பார்களே சின்ன இடுக்கி, சாமணம், அது ஒன்று, ஒரு பை நிறையக் கவர்கள் எல்லாவற்றோடும் வந்து என் கடையின் பின்னறையில் உட்கார்ந்தார். வத்தல் நெடியில் தொடர்ந்து பன்னிரண்டு தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு கவர் பறந்தது.

"சாயக்காரரே, எனக்கு வைத்தியம் பாக்குறீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டாயிரம் கவரு ஊறப்போடாமக் கெடக்கு. ஆளு வேணும். நீங்க சும்மாதான இருக்கீங்க?"

அந்தச் சும்மா என்ற சொல் என்னைச் சுட்டது. சாமணத்தை வாங்கினேன்.

அவர் சொல்லித்தந்ததைப் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். தபால்தலையைக் கவரிலிருந்து பிய்க்காதே. சுற்றிலும் ஒரு விரல் காகிதம் விட்டு வெட்டு. பச்சைத் தண்ணீரில் படம் மேலே பார்க்கப் போடு. வெந்நீர் கூடாது. சிவப்புக் கவர், ஊதாக் கவர் இருந்தால் தனித்தட்டு. ஈரத்துணியின் மூலையால் கவரைத் தொட்டுப் பார், சாயம் ஏறினால் மற்றதோடு சேர்க்காதே. இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குத் தொழில் கர்வம் வந்துவிடும். பிறகு காத்திரு. கால் மணி நேரத்தில் பசை இளகித் தபால்தலை தானாக நழுவும். நான் முதல் நாள் அவசரப்பட்டு இழுத்து ஒன்றைக் கிழித்தேன். "காயிதம் அதுவா விடணும்ண்ணே. எப்ப விடணும்னு தண்ணிக்குத் தெரியும்," என்றார். நழுவியதைச் சாமணத்தால் எடுத்து வெள்ளைத் துணியில் குப்புறப் போட்டு உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் வைக்க வேண்டும். என் கடையில் புத்தகம் ஏது? ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தோம்.

எல்லாம் சரி, சாமணத்தைத்தான் என்னால் பிடிக்க முடியவில்லை. முதல் நாள் பதினொரு தடவை கீழே விழுந்தது. பதினொரு தடவையும் நானே எடுக்க வேண்டியிருந்தது. அவர் குனியவே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு தபால்தலையைத் தட்டிலிருந்து துணிக்கு மாற்றினேன். அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அது பறந்து சாக்கில் விழுந்தது. மறுபடியும் எடுத்தேன். மூன்றாம் வாரம் வலியைவிட ஆசை பெரிதாகிவிட்டது. தபால்தலையில் பார்த்த ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளாமல் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். உள்ளே நாற்பத்தொரு தபால்தலைகள். எல்லாம் தறி, ராட்டை, நூல், துணி. இடுப்பில் தறியைக் கட்டி உட்கார்ந்திருக்கும் பெரு நாட்டு நெசவுக்காரி, பட்டுநூல் சுற்றும் ஜப்பான் பெண், நம்ம ஊர் ராட்டை. ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பதினோரு வருஷமாகச் சேர்த்தது. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தறியும் சாயமும்தான். "திருச்சில அடுத்த மாசம் கண்காட்சி. வெக்கப்போறேன். நாடு வாரியாப் பிரிச்சு அடுக்கிக் குடுங்கண்ணே. உங்க விரலை நம்பித்தான் குடுக்குறேன்," என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காலை வெளிச்சத்தில் அடுக்கினேன். அடுக்கி முடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று உறுத்தியது. எல்லாவற்றின் ஓரமும் பிசிறு பிசிறாக, ரம்பப் பல் மாதிரி இருந்தது. இத்தனை நாள் ஊறப்போட்டதிலும் இருந்ததுதான், கண்காட்சிக்கு என்றதும்தான் கண்ணில் குத்தியது. தபாலாபீசில் தபால்தலைத் தாள் வாங்கிக் கிழித்து ஒட்டுகிறவன் நான். கிழித்ததில் மிஞ்சிய பிசிறு என்றுதான் நினைத்தேன். வத்தலில் காம்பு கிள்ளியதற்குத்தான் விலை. காம்போடு அனுப்புகிறவன் கத்துக்குட்டி. மனுஷன் இவ்வளவு அருமையான சரக்கைக் காம்போடு கண்காட்சிக்கு அனுப்பப் போகிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

என் மனைவி பாண்டியம்மாளின் தையல் கத்திரிக்கோலை எடுத்தேன். அன்று வரை நான் வலது கையால் கத்திரிக்கோலைப் பிடித்ததில்லை, விபத்துக்குப் பிறகு. கட்டைவிரல் உள்ளே போனது. நடுவிரல் உள்ளே போனது. மடங்கியது.

"அவுகளக் கேட்டீகளா?" என்றாள் பாண்டியம்மாள்.

"கேக்கணுமாக்கும். வந்து பாத்துட்டு அசந்துபோவாரு பாரு."

"எதுக்கும் கேட்டுக்கிட்டு வெட்டுங்க. பொம்பள சொன்னா எங்க கேக்கப் போறீக."

இரண்டு காலை உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் வெட்டினேன். ஒரு பல் மிச்சமில்லை. கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

அவர் வந்தபோது டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். நாற்பத்தொன்றையும் அப்படிப் பார்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"எந்தக் கையால வெட்டுனீங்க?" என்றார்.

"வலது கையாலதான்!"

"கத்திரிக்கோலாலயா?"

"பின்ன?"

"மடக்கிக் காட்டுங்க."

மடக்கிக் காட்டினேன். மூன்று விரலும் உள்ளங்கையைத் தொட்டன. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். "ஒரு நூல் கூடப் பிசகலண்ணே. கை வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே மண்டிக்குப் போனேன். அதே தரகர். துண்டைப் போட்டார். அடியில் என் விரல் பேசியது. அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "யாத்தே, கட்டை பேசுதே!" என்று கத்தினார். மண்டியே திரும்பியது. முப்பது மூட்டை வாங்கினேன், நல்ல காய்ந்த வத்தல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். உங்களுக்கெல்லாம் தெரிந்த இடம்தான். குளத்து மதிலோரம் தபால்தலை மாற்றிக்கொள்ளும்போது, காற்று வந்தால் பறக்கிறதைப் பிடிக்க ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவோமே. அன்று ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். கோவர்த்தனன் மதில்மேல் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நம் பாங்க் நண்பர் அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "அநியாயம்! எந்தக் கிறுக்கன் பல்லை வெட்டுனான்? பல்லு இல்லாத ஸ்டாம்பு செத்த ஸ்டாம்பு. இதை எவன் கண்காட்சியில வெப்பான்?" என்று கூச்சல் போட்டார்.

பின்னால் நின்ற நான் அல்வாப் பொட்டலத்தை முதுகுப் பக்கம் கொண்டுபோனேன்.

கோவர்த்தனன் என்னைப் பார்த்தார். பிறகு பாங்க்காரரிடம், "நான்தான் வெட்டுனேன். ஏதோ ஒரு கிறுக்கு," என்றார். பாங்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்தான் இன்று நம் கூட்டத்தின் செயலாளர். இத்தனை வருஷம் கழித்து இதைப் படித்து அவர் யாரைத் திட்டினார் என்று தெரிந்துகொள்ளட்டும். அவர் சொன்னது நியாயம்தான்.

எல்லாரும் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா சொல்லல? வெட்டிட்டு நிக்கிறேன், கை வந்துருச்சுங்குறீங்க! பதினோரு வருஷச் சேகரிப்பு!"

"பல்லை வெட்டக்கூடாதுன்னு நான் சொல்லாம விட்டது தப்பு. அதைப் போயி ஒருத்தர் வெட்டுவாருன்னு தோணல." அல்வாவை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பெருவுக்கு எழுதிப் போட்டா இன்னொரு ஸ்டாம்பு வரும். எந்த ஊருக்கு எழுதிப் போட்டா இன்னொரு கை வரும்? சொல்லுங்க யாவாரி அண்ணே."

நான் அல்வாப் பொட்டலம் முழுவதையும் அவர் பக்கம் நகர்த்தினேன். பேரம் பேசாமல் மொத்தச் சரக்கையும் கொடுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அந்த வருஷம் அவர் திருச்சிக்குப் போகவில்லை. அதற்குப் பதில் நாங்கள் இரண்டு பேரும் எழுத ஆரம்பித்தோம். பினாங்கில் சரக்கு வாங்குகிறவருக்கு, தீபாவளிக்கு எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம், தறிப் படம் போட்ட தபால்தலை கிடைத்தால் போதும் என்று எழுதினேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று அவர் என் மச்சினனுக்குத் தனியாகக் கடிதம் போட்டு விசாரித்தார். தெப்பக்குளத்தில் ஒருவரிடம் ஒரு பின்லாந்து தறி இருந்தது. மாற்றுக்கு என்ன தருவது என்ற பேச்சில் பழக்க தோஷத்தில் அவர் கைமேல் துண்டைப் போட்டுவிட்டேன். கோவர்த்தனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இது மண்டி இல்லண்ணே! மனுசன் பயந்துட்டாரு பாருங்க!" ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் ஊறப்போட்டு, நான்தான் சாமணத்தால் எடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தபால்தலையை ஆல்பத்தில் நிறுத்தப் பின்பக்கம் ஒட்டும் சின்ன மடிப்புக் காகிதத்துக்குக் கீல் என்று பேர் வைத்திருந்தார். கதவு மாதிரி திறந்து பின்னால் பார்க்கலாம். கீல் ஒட்டுவது மட்டும் அவர் வேலை. அவர் போகும்போது முப்பத்தொன்பது சேர்ந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அவருடைய மனைவி கூப்பிட்டார். உள்ளே உறவுக்காரர்களோடு வீட்டில் பேசும் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், "அண்ணே, இது ரெண்டும் உங்களுக்காம். எப்பவோ சொல்லி வெச்சிருந்தாரு," என்று இரண்டு ஆல்பங்களைக் கொடுத்தார்.

ஒன்றில் பல்லோடு முப்பத்தொன்பது. இரண்டு இடம் காலி. அது எனக்குச் சொந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பார்க்கட்டும்.

இரண்டாவது ஆல்பம் நான் எதிர்பார்க்காதது. நான் வெட்டிய நாற்பத்தொன்றும் அதில் இருந்தன. செத்த தபால்தலைகள். ஒன்றைக்கூட அவர் எறியவில்லை. நல்லவற்றுக்குப் போடுகிற மாதிரியே கீல் போட்டு, வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கீழே நாட்டின் பெயர் எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தின் தலையில் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் மூன்று வரி: "வெட்டியவர் யாவாரி அண்ணன். வலது கையால். வெட்டு நேராக இருக்கிறது."

இதை நான் வைத்துக்கொள்கிறேன். சந்தையில் இதற்கு ஒரு காசு பெறாது என்று பாங்க்காரர் சொல்வார். சொல்லட்டும். புதிதாக யாராவது முதல் தபால்தலையைக் கிழித்துவிட்டு முகம் வாடி நின்றால், அவருக்கு முதலில் இதைத்தான் திறந்து காட்டுவேன்.

போன வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து ஒரு கவர் வந்தது. நாற்பதாவது தறி. பச்சைத் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். தானாக நழுவியது. கீலையும் இந்த முறை நானே மடித்து ஒட்டினேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி: பெரு, இடுப்பில் தறியைக் கட்டி உட்கார்ந்திருக்கும் நெசவுக்காரி. உங்களில் யாருக்காவது கிடைத்தால் தெப்பக்குளத்துக்குக் கொண்டு வாருங்கள். பல்லோடு கொண்டு வாருங்கள். கத்திரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.